இத்தாலியில் ரயில் மாறிப் போக: ஒரே டிக்கெட்டா, பிரித்து வாங்குவதா?

வெனிஸிலிருந்து சியெனாவுக்கு நேரடி ரயில் கிடையாது. ஃப்ளாரன்ஸ் வரை அதிவேக ரயிலில் வந்து, அங்கே ரெஜியோனாலே எனப்படும் பாசஞ்சர் ரயிலுக்கு மாற வேண்டும். சியெனாவிலிருந்து மிலன் போவதற்கும் இதே கதைதான், வரிசை மட்டும் தலைகீழ்: முதலில் பாசஞ்சர், பிறகு அதிவேக ரயில். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போன பயணம் என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் நன்றாக யோசித்தேன். அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியாவில் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். அல்லது அதிவேக ரயிலுக்கு எங்கே மலிவோ அங்கே ஒன்று, பாசஞ்சருக்குத் தனியாக ஒன்று என்று பிரித்து வாங்கலாம். போகும்போதும் வரும்போதும் நான் ஒரே டிக்கெட்தான் எடுத்தேன். இனி போனாலும் அதையேதான் எடுப்பேன். எந்த ரயில் முதலில் வருகிறது என்பதுதான் என் முடிவுக்குக் காரணம்.

சாதாரண விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். அதிவேகப் பாதையில் ட்ரெனித்தாலியாவின் ஃபிரெச்சாரொஸ்ஸாவும், 2012-ல் ஓடத் தொடங்கிய தனியார் ரயிலான இட்டாலோவும் போட்டி போடுகின்றன. வேகம், இருக்கை, சுத்தம் எல்லாவற்றிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு இரண்டிலுமே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். முன்கூட்டியே எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் எடுத்தால் விலை ஏறும் என்பதும் இரண்டுக்கும் பொது. ஒரு நாள் இது மலிவாக இருக்கும், இன்னொரு நாள் அது. இரண்டு ஆப்பையும் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாசஞ்சர் ரயிலின் கட்டணம் அப்படி ஏறி இறங்காது. தூரத்தைப் பொறுத்துத்தான் விலை; ஒரு மாதம் முன்பு எடுத்தாலும் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு எடுத்தாலும் அதேதான். இருக்கை எண்ணும் கிடையாது, இடம் இருக்கிற இடத்தில் உட்காரலாம். ஆகவே சேர்த்து வாங்குவதால் அந்தப் பகுதிக்கு ஒரு காசும் குறையாது. பிரித்து வாங்கச் சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. இட்டாலோவில் நல்ல தள்ளுபடி இருக்கும் நாளில் மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, முதல் ரயில் தாமதமானால் என்ன ஆகும்? எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கேள்விதான்.

போகும் திசையை எடுத்துக்கொள்வோம்: அதிவேக ரயில் முதலில், பாசஞ்சர் பிறகு. டிக்கெட்டைப் பிரித்து வாங்கியிருக்கிறீர்கள், அதிவேக ரயில் நாற்பது நிமிடம் தாமதமாக ஃப்ளாரன்ஸ் வந்து சேருகிறது. பிடிக்க வேண்டிய பாசஞ்சர் போய்விட்டது. இதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. காகித டிக்கெட்டாக இருந்தால், பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் குத்தும் வரைக்கும் அதன் நேரமே தொடங்காது. குத்திய பிறகு நான்கு மணி நேரம் செல்லும். மொபைலில் இருந்தால், ஏறுவதற்கு முன் செக்-இன் செய்துவிட்டு அன்றைக்கே அடுத்த ரயிலில் போகலாம். ஒரு காப்பி குடிக்கும் நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இந்தத் திசையில் ஒரே டிக்கெட்டுக்கு நான் பெரிதாக வாதாட மாட்டேன். சியெனாவுக்குப் போகும் கடைசி ரயிலைக் குறிவைத்து இரவில் வருகிறீர்கள் என்றால் மட்டும் நிலைமை வேறு.

இப்போது திரும்பும் திசை. சியெனாவில் பாசஞ்சர் ஏறுகிறீர்கள். எம்போலி வழியாக ஃப்ளாரன்ஸ் வரும் அந்தப் பாதையில் ஒற்றைத் தண்டவாளப் பகுதிகள் உண்டு. எதிரே வரும் ரயில் தாமதமானால் உங்கள் ரயில் அதற்காகக் காத்து நிற்க வேண்டியதுதான். பாசஞ்சர் ரயிலுக்குப் பதினைந்து இருபது நிமிடத் தாமதம் என்பது யாரும் பொருட்படுத்தும் விஷயமில்லை. ஆனால் ஃப்ளாரன்ஸில் உங்களுக்காக நிற்கும் அதிவேக ரயில் டிக்கெட் அந்த ஒரே ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். மிக மலிவான வகையில் எடுத்திருந்தால் மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. ரயிலை விட்டுவிட்டால் அன்றைய விலைக்குப் புது டிக்கெட். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகும்போது, பிரித்து வாங்கி மிச்சப்படுத்தியது போல் எத்தனையோ மடங்கு அந்த ஒரு மதியத்தில் போய்விடும். யாரிடமும் கேட்கவும் முடியாது. உங்கள் அதிவேக ரயில் நேரத்துக்குத்தானே கிளம்பியது? அந்தக் கம்பெனி மேல் தவறில்லை. பாசஞ்சர் இருபது நிமிடம்தானே தாமதம்? அதற்கு இழப்பீடு கிடையாது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் விழுவது நீங்கள் மட்டும்தான்.

ஒரே டிக்கெட் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. 2021/782 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரே டிக்கெட்டில் தாமதத்தைக் கணக்கிடுவது கடைசி ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தை வைத்து. பாசஞ்சர் இருபது நிமிடம் பிந்தி, அதனால் அதிவேக ரயில் தவறி, மிலனுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேருவீர்கள் என்ற நிலை வந்தால், வேறு ரயிலில் அனுப்பி வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பயணத்தையே விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. பயணத்தைத் தொடர்ந்தால், 60 முதல் 119 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம் இழப்பீடு. முதல் ரயிலிலேயே நடத்துநரிடம் டிக்கெட்டைக் காட்டி நிலைமையைச் சொல்லிவிட்டு, இறங்கியதும் ஸ்டேஷனில் உள்ள உதவி மேசைக்குப் போவது நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே நேரத்தில் பணம் கட்டியதாலேயே அது ஒரே டிக்கெட் ஆகிவிடாது. பல கம்பெனி டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்கும் தளங்கள் ஏராளம். இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று வாங்குவதற்கு முன் தெளிவாக எழுதியிருந்தால், இணைப்பு தவறுவது உங்கள் பாடு. அப்படிச் சொல்லாமல் அவர்களாகவே சேர்த்து விற்று, இணைப்பும் தவறினால், முழுப் பணத்தோடு அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். அதனால் பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

ஒரே டிக்கெட் வாங்கினாலும் ஆப் காட்டும் முதல் இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. இளைஞர்கள் முதுகுப் பையோடு ஓடிப் பிடித்துவிடும் ரயிலை, முழங்கால் வலியோடு வரும் அம்மாவால் பிடிக்க முடியாது. ஃப்ளாரன்ஸ் சாந்தா மரியா நோவெல்லாவில் இந்தக் கவலை குறைவு. தண்டவாளங்கள் அங்கேயே முடிகின்றன. எந்தப் பிளாட்பாரத்தில் இறங்கினாலும் முன்பக்கம் நடந்து வந்து படி ஏறாமல் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். அரை மணி இடைவெளி விட்டு எடுத்திருந்தேன், அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு தன் வேகத்தில் நடந்து வந்தார். பொலோன்யா அப்படியல்ல. 2013-ல் திறந்த அதிவேக நிலையம் தரைக்குக் கீழே இருபது மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது, பிளாட்பாரம் 16 முதல் 19 வரை. அங்கிருந்து பல எஸ்கலேட்டர்கள் ஏறி மேலே இருக்கும் பழைய பிளாட்பாரங்களுக்கு வருவதற்கே பத்து நிமிடம் போய்விடும். பெரியவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் அங்கே இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைவான இணைப்பை நான் எடுக்க மாட்டேன்.

அப்புறம், பலகையில் ஊர்ப் பெயரைத் தேடி நிற்காதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் பெரிதாக ஓடும். ஃப்ளாரன்ஸிலிருந்து அசீசி போகிறவர்கள் ஏற வேண்டிய ரயிலில் ஃபொலின்யோ என்று இருக்கும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் பலகையோடு ஒப்பிடுவதுதான் நிச்சயமான வழி. ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. தாளில் போட்டிருக்கும் பிளாட்பாரம் மாறக்கூடும் என்பதால் கடைசியில் மின்பலகை சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

பிரித்து வாங்குவதுதான் சரி என்று நானே சொல்லும் இடமும் இருக்கிறது. ஃப்ளாரன்ஸில் இறங்கி, பெட்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டு, கதீட்ரலைப் பார்த்து, மத்தியானம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மாலையில் சியெனா கிளம்பலாம் என்றால் இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மலிவான அதிவேக டிக்கெட்டை எடுங்கள், பாசஞ்சர் டிக்கெட்டைக் கிளம்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு பஸ்ஸும் உண்டு. ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்க, பஸ் ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விடும். நான் அதில் போனதில்லை, அதனால் எது வசதி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் எழுதியதெல்லாம் ரோமுக்கு வடக்கே போய்வந்த அனுபவத்தை வைத்துத்தான். தெற்கே உள்ளூர் ரயில்களில் பல வேறு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. நேப்பிள்ஸிலிருந்து பொம்பேயிக்கும் சொரெந்தோவுக்கும் போகும் சிர்க்கும்வெசுவியானா, பாரியிலிருந்து மத்தேரா போகும் ரயில் இரண்டும் ட்ரெனித்தாலியாவுடையவை அல்ல. அந்தப் பக்கம் ஒரே டிக்கெட் என்ற கவசம் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கிலிருந்து திரும்பும்போது உள்ளூர் ரயிலுக்கும் அதிவேக ரயிலுக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுவேன், இல்லாவிட்டால் அதிவேக ரயிலுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டைக் கூடுதல் விலை கொடுத்து எடுப்பேன்.

வேலைநிறுத்த நாள்களில் எந்த டிக்கெட்டாக இருந்தாலும் கணக்கு மாறும். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பாசஞ்சர் சேவைகளுக்கு உத்தரவாதம் உண்டு. வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை பார்த்துவிட்டு, சியெனா போன்ற ஊரிலிருந்து கிளம்புவதை அந்தக் காலை நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.