பிளாண்டர்ஸ் போர்க்களத்தில் மின்காந்த நில அளவை: ஒரு சேவை மதிப்புரை

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலுள்ள ஈப்பர் நகருக்குத் தெற்கே, முதல் உலகப் போரின் அகழிகள் புதைந்து கிடக்கும் ஒரு வயலைத் தோண்டாமல் ஆராய்வதற்காக, நில அளவை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். உழவு நேரத்தில் வெடிக்காத எறிகணைகள் இன்றும் மேலே வரும் மண் அது; மீட்கப்படாத வீரர்களின் உடல்களும் அதனுள் இருப்பதால், மண்வெட்டியை இறக்குமுன் எவரும் தயங்கத்தான் வேண்டும்.

தரையூடுருவும் ராடாரை நிறுவனத்தார் தவிர்த்தது சரியான முடிவு. ஈரக் களிமண் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் ராடார் அலை ஆழம் போகாமல் மங்கிவிடும். காந்தப்புல மாற்றங்களை அளக்கும் காந்தமானியோ எங்கும் சிதறிய இரும்புத் துண்டுகளால் திணறும். அவர்கள் இழுத்துச் சென்ற மின்காந்தத் தூண்டல் கருவி மண்ணின் மின்கடத்துதிறனையும் காந்த ஏற்புத்திறனையும் (மண் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பதையும்) சேர்த்தே பதிவு செய்ததால், அந்த இரும்புத் துண்டுகளின் குறுக்கீட்டுக்கு நடுவிலும் மூடப்பட்ட அகழி கோட்டைச் சுவரின் பற்களைப் போல மடிந்து மடிந்து செல்வது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. 1917-ஆம் ஆண்டின் வான்வழிப் படத்தின்மீது அதை வைத்துப் பார்த்தபோது வளைவுகள் பொருந்தின. படத்தில் காணாத ஒரு கிளையும் வெளிப்பட்டது. உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

அறிக்கைதான் குறை. பிற்கால வடிகால் குழாய்களைப் போர்க்காலத் தடயங்களாகக் குறித்திருந்தார்கள். கருவி பதிவு செய்த மூலத் தரவைத் தராமல் வண்ணப் படங்களை மட்டும் அனுப்பினார்கள். களப்பணிக்காக இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; மூலத் தரவை ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.