பிளக் இடைவெளி 0.6-ஆ 0.8-ஆ, செம்பு ஒயரா கார்பன் ஒயரா?

அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800: திருநெல்வேலிச் சீமையில் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பெட்ரோல் கார் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பார்க் பிளக் இடைவெளி (பொறி தாண்டும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள தூரம்), ஒரே பிளக் ஒயர் என்று மாட்டிவிடுவதால்தான் பாதித் தொல்லை. எவ்வளவு இடைவெளி தாங்கும் என்பது பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலைப் பொறுத்தது. அந்தக் காயிலை இயக்குவது பாயிண்டா (திறந்து மூடும் தொடுமுனை), எலெக்ட்ரானிக் மாட்யூலா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாருதியாக இருந்தால், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

1489 சிசி அம்பாசிடருக்கு 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மி.மீ. பத்மினிக்கு 0.6. மாருதி 800-க்கு 0.7 முதல் 0.8. பாயிண்ட் வண்டியில் 0.8 வைத்தால் என்ன ஆகும்? நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சமதளத்திலும் தெரியாது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஆளும் மூட்டையுமாக மிதிக்கும்போதுதான் தெரியும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட்டும் கூடுகிறது. பாயிண்ட் காயில் அந்த அளவை எட்டாவிட்டால் மின்சாரம் வேறு வழி பார்க்கும்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விரிசல், அதற்குள் சுழலும் ரோட்டார், பழைய ஒயரின் தோல். வண்டி இடிக்கும், இழுவை போகும். கார்புரேட்டர் அடைப்பு என்று அதைக் கழற்றிப் போடுவது இங்கே வழக்கம்.

அதற்காக 0.5-க்கு இறக்கிவிடலாமா? கூடாது. இடைவெளி குறைந்தால் தீப்பொறி சிறுத்துவிடும், ஐடிலில் தடுமாறும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதை இன்னும் கூட்டுகிறது. கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) மாறாமல் இருப்பதால் கலவை மெலிகிறது, அதாவது தேவைக்கு எரிபொருள் குறைகிறது. மெலிந்த கலவையைப் பற்றவைக்கச் சின்னப் பொறி போதாது. பாயிண்ட் வண்டிக்கு 0.6 முதல் 0.65 என்பதே சரியான இடம்.

அளக்கும்போது ஒரு கவனம். தேய்ந்த பிளக்கில், நடு முனைக்கு மேல் வளைந்து நிற்கும் பக்கவாட்டு முனையில் சின்னக் குழி விழுந்திருக்கும். தகடு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) அந்தக் குழியைத் தாண்டி நிற்பதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கம்பி கேஜ்தான் நம்பகம். வளைக்கும்போது பக்கவாட்டு முனையை மட்டும் வளையுங்கள். நடு முனையில் நெம்பினால் பீங்கான் கீறிவிடும், அந்தக் கீறல் கண்ணுக்கும் தெரியாது. வாஷர் வைத்த புதுப் பிளக்கைக் கையால் திருகி முட்டிய பிறகு, ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். பத்மினிக்கும் மாருதிக்கும் ஹெட் அலுமினியம். எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள், இல்லையென்றால் மரை உரிந்து வந்துவிடும்.

பிராண்ட் மாற்றுகிறவர்களுக்கு: என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), பாஷில் எண் கூடினால் சூடான பிளக். என்ஜிகே 6-க்கு இணை பாஷ் 7. இரண்டிலும் 6 என்று பார்த்து வாங்கினால் தப்பு.

இனி ஒயர். செம்புக் கம்பி ஒயருக்குத் தடை ஏறக்குறைய இல்லை. கார்பன் ஒயருக்கு வகையைப் பொறுத்து மீட்டருக்குச் சுமார் 10,000 முதல் 20,000 ஓம். இதனால் கார்பன் ஒயர் பொறியைப் பலவீனமாக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. முக்கால்வாசி தவறு. பொறி தாண்டும் வரை ஒயரில் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தடையில் வோல்ட் பெரிதாக விழாது. தாண்டிய பிறகு பாயும் உச்ச மின்னோட்டத்தைத்தான் தடை மட்டுப்படுத்துகிறது. அதனால் ரேடியோ இரைச்சல் அடங்குகிறது, பிளக் முனையும் மெதுவாகத் தேய்கிறது.

கார்பனின் உண்மையான குறை வேறு. தொப்பியைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: அரை மீட்டர் ஒயர் 5,000 முதல் 10,000 ஓம் காட்ட வேண்டும், லட்சக்கணக்கில் காட்டினால் தூக்கிப் போடலாம். செம்பு இந்த முரட்டுக் கையைத் தாங்கும்.

பாயிண்ட் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் எங்கள் ஓட்டு செம்புக்கே. ரேடியோ கேட்பவர்கள் கூடவே பெயரில் ‘ஆர்’ உள்ள ரெசிஸ்டர் பிளக்கைப் போட்டுக்கொள்ளலாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாருதிக்குச் செம்பு வேண்டவே வேண்டாம். அதன் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். அதற்குக் கார்பன் ஒயரும் 0.75 இடைவெளியும். பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் கிட் மாட்டிய அம்பாசிடருக்கும் செம்பை எடுத்துவிடுங்கள்.

உள்ளே எதுவானாலும் வெளித்தோல் சிலிக்கானாக இருக்கட்டும். பிவிசி தோல் எஞ்சின் சூட்டில் இறுகி வெடிக்கும். சிலிக்கான் சுமார் 200 டிகிரி வரை தாங்கும். கடையில் அண்ணாச்சி 8 மி.மீ. ‘ரேசிங்’ ஒயரை எடுத்து வைப்பார். தடிமன் தோலில்தான் இருக்கிறது. நல்ல 7 மி.மீ. போதும்.

குற்றாலச் சாரலில் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டிக்கு ஒரு சோதனை: இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள், கையை மட்டும் தள்ளி வையுங்கள். நீலப் பொறி ஓடும் இடம்தான் ஓட்டை. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் தகராறு வேறு மாதிரி: செம்பு முனை பச்சை பூத்து, மூடிக்குள் தொடர்பு விட்டுப்போகும். அங்கே ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் ஒயர்களை மூடியிலிருந்து உருவி, முனையைத் தேய்த்து, ரப்பர் தொப்பிக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.