கடலோர வீட்டுக்கு எந்தக் கசிவுக் காப்பு: ஒற்றை ஆர்.சி.சி.பி.யா, பிரித்த ஆர்.சி.சி.பி.யா, ஆர்.சி.பி.ஓ.வா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், எந்தக் கருவியும் பழுதாகாத வீட்டில்கூட ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுவதுண்டு. பேஸ் கம்பியில் போகும் மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்பாமல் எங்காவது கசிந்தால், இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. கடற்காற்று கொண்டுவந்து சுவிட்ச் பெட்டிகளுக்குள் படியவிடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கரைசலாக மாறுகிறது. அந்தப் படலத்தின் வழியே பேஸ் கம்பியிலிருந்து எர்த்துக்கு மின்சாரம் சிறிது சிறிதாகக் கசிகிறது. மொட்டை மாடியிலிருந்து நீர் இறங்கிய, சுவருக்குள் வயரைக் கொண்டுசெல்லும் கன்சீல்டு குழாயும், தோட்டத்து விளக்கின் இணைப்பும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் கசிவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருக்கலாம். வீடு முழுவதும் சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி.யே போதும் என்று வாதிடுவோர் இன்னமும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது விழுவதில்லை என்பதே அவர்கள் காட்டும் சான்று. அது விழாததுதான் ஆபத்து என்பேன். பழுதான கிரைண்டரின் உலோக உடலுக்கு மின்சாரம் வந்து, எர்த் வழியாகத் திரும்பும் சுற்றின் மொத்தத் தடை 10 ஓம் என்றிருந்தால், 230 வோல்ட்டில் பாய்வது 23 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவை ஒரு மணி நேரம் வரைகூடத் தாங்கி நிற்கலாம். மனிதத் தசைகள் இறுகிப் பிடியை விட முடியாமல் போவதற்கோ ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரே போதும். ஆகவே இந்த முறையைப் போட்டியிலேயே சேர்க்க வேண்டியதில்லை.

வீடு முழுவதற்கும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைப்பதே பரவலான வழக்கம். செலவு குறைவு, பழைய வயரிங்கில் அதிகம் கைவைக்க வேண்டியதில்லை, எர்த்துக்குக் கசியும் மின்சாரத்திலிருந்து உயிர்க்காப்பும் கிடைக்கிறது. ஆனால், 30 என்று குறிக்கப்பட்ட கருவி 15 முதல் 30 மில்லி ஆம்பியருக்குள் எந்த அளவிலும் விழலாம் என்று தரநிர்ணயம் அனுமதிக்கிறது; ஈரத்தால் ஏற்கெனவே 12 மில்லி ஆம்பியர் கசியும் வீட்டில், நெடுநாள் கழித்துப் போடும் கீசர் ஒன்றே அதை வீழ்த்திவிடும். கீசரின் ஹீட்டருக்குள் நிரப்பிய மக்னீசியம் ஆக்சைடு தூள், கோடை முழுவதும் அணைந்து கிடக்கும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நவம்பரில் முதன்முறை போடும்போது அதன் கசிவு கூடுதலாக இருக்கும். வீடே இருண்டு, ஃபிரிட்ஜும் நின்றுபோகும் இரவுகள் தொடர்ந்தால், சலித்துப்போன வீட்டார் ஆர்.சி.சி.பி.யை விலக்கி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்கிறார்கள், அல்லது 100 மில்லி ஆம்பியர் கருவிக்கு மாறுகிறார்கள். மனித உடலைக் காக்க வேண்டிய இடத்தில் 100 மில்லி ஆம்பியர் கருவிக்கு வேலையே இல்லை. ஒற்றை ஆர்.சி.சி.பி.யின் உண்மையான குறை, அது மனிதர்களை இந்த முடிவுக்குத் தள்ளுவதுதான்.

இரண்டு அல்லது மூன்று ஆர்.சி.சி.பி.களாகப் பிரித்தால் இயல்பான கசிவு பங்கிடப்படுகிறது; குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், போர் மோட்டார், வெளி விளக்கு ஆகிய ஈரம் படும் லைன்களை ஒன்றிலும், அறைகளையும் ஃபிரிட்ஜையும் மற்றொன்றிலும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றின் நியூட்ரலும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிகளுக்குள் நியூட்ரல்களை ஒன்றாக முறுக்கியிருப்பதும், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் பொது நியூட்ரலோடு கலந்திருப்பதும் சாதாரணம். அவற்றைப் பிரிக்காமல் பொருத்தினால், ஈரமே இல்லாத நாளிலும் கருவி விழும். இந்தத் தேடலுக்கு ஆகும் கூலி கருவியின் விலையைவிடக் கூடுதலாகலாம். அதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

எம்.சி.பி.யையும் கசிவுக் காப்பையும் ஒன்றாக்கிய ஆர்.சி.பி.ஓ.வை லைனுக்கு ஒன்றாக வைப்பது இவற்றுள் மிகத் துல்லியமானது. பழுதான லைன் மட்டுமே விழுவதால், எங்கே ஈரம் புகுந்தது என்ற தேடலில் பாதி அப்போதே முடிந்துவிடுகிறது. எம்.சி.பி.யைவிடப் பல மடங்கு விலை என்பதோடு, சில ஆர்.சி.பி.ஓ.க்கள் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றை நம்பி இயங்குவதால், வரும் நியூட்ரல் அறுந்தால் கசிவுக் காப்பை இழக்கின்றன. வழக்கமான மின்காந்த ஆர்.சி.சி.பி.க்கு அந்தக் குறை இல்லை. எனவே புதிதாக வயரிங் செய்யும் கடலோர வீட்டில், ஈரம் படும் லைன்களுக்கு நியூட்ரல் அறுந்தாலும் இயங்கும் வகை ஆர்.சி.பி.ஓ.வும், மற்றவற்றுக்குப் பொதுவான ஆர்.சி.சி.பி.யும் வைக்கவே பரிந்துரைப்பேன். பழைய வீட்டுக்கு இரண்டாகப் பிரித்த ஆர்.சி.சி.பி.யே போதுமானது.

எதைத் தேர்ந்தாலும் உப்புக்காற்று கருவியின் விசைப்பொறியையும் இறுகச் செய்யும் என்பதால், மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். வயரிங்கின் காப்புத் தடையை, இணைத்த கருவிகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் (காப்புத் தடையை அளக்கும் கருவி) அளக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அந்த அளவை ஏப்ரல் வெயிலில் எடுக்காமல், மழை பெய்து ஓய்ந்த காலையில் எடுக்கும்படி எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள்.