டெக்சஸில் மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கி: உரிமத்தோடா, உரிமம் இல்லாமலா?

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதான ஒருவர், சட்டத் தடை ஏதும் தன்மேல் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு நடமாடலாம். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. துப்பாக்கியை உடன் கொண்டுபோக மாநிலம் தரும் பழைய எல்டிசி (License to Carry) உரிமத்தையும் எடுத்துவிடவில்லை, வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று கேட்பார்கள்.

(எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் இதில் சேர மாட்டார்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை.)

விண்ணப்பக் கட்டணம் 40 டாலர்தான். வகுப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் நடக்கும் அந்த வகுப்பில் சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைப் பற்றிய பேச்சுதான் அதிகம். உயிரை எடுக்கும் அளவுக்குப் போவதைச் சட்டம் எப்போது ஏற்கும், தகராறை வாய்ப்பேச்சோடு எப்படி முடிப்பது, குழந்தை கைக்கு எட்டாமல் எப்படிப் பூட்டி வைப்பது. உரிமம் வேண்டாம் என்பவர் இழப்பது முதலில் இதைத்தான்.

அடுத்தது பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தால் தப்பு இல்லை. ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் ஊரைக் கடப்பவர் எத்தனை பள்ளிகளைத் தாண்டுகிறார்? பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. இந்த ஒரு காரணத்துக்கே 40 டாலர் கொடுக்கலாம். போதாததற்கு, வேறு பல மாநிலங்களும் டெக்சஸ் உரிமத்தை ஏற்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்காது.

உரிமத்தின் பலவீனம் சுடும் சோதனை. 3, 7, 15 கெஜத் தூரங்களில் மொத்தம் 50 தோட்டா. 250-க்கு 175 புள்ளி எடுத்தால் தேர்ச்சி. குறி அசையாத அட்டை. உறையிலிருந்து உருவி எடுப்பதைச் சோதிப்பதே இல்லை, சட்டைக்கு அடியில் வைப்பவருக்கு அதுதான் முதல் வேலையாக இருந்தும். எனவே உரிமம் வாங்கியவரும் உறைப் பயிற்சிக்குத் தனியாகப் போகத்தான் வேண்டும்.

அப்புறம், இடுப்பு உறையா கைப்பையா? விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை உட்கார்ந்தால் குத்தும், சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுக்க வைக்கும். பை வசதிதான். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு வால்மார்ட்டில், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கி இரண்டு வயதுக் குழந்தையின் கையில் வெடித்து அந்தத் தாய் இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்த அறையில்தான் அது இருந்தது.