கார்பன் டை ஆக்சைடு சென்சார் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பல்லடம் வட்டாரத்தில் தறிக்கூடங்களை ஒட்டிக் குடியிருக்கும் நாங்கள், பஞ்சுத் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தே வைத்திருக்கிறோம். என் தாயாருக்கு வீசிங் இருப்பதால், அடைத்த அறையில் நாங்கள் மூச்சில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்குகிறது என்பதை அறிய, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு வீட்டிலேயே ஒரு காற்றுத் தரமானி செய்யத் தொடங்கினேன்.

கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் நான் கேட்டது, அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் எம்எச்-இசட்19பி சென்சார். "இது அதோட புது மாடலுங்க, சின்னதா வந்திருக்குது" என்று சொல்லி, ஸ்டிக்கர் ஒட்டிய சிறு பலகை ஒன்றை அதே விலைக்குக் கொடுத்தார்கள். பில்லிலும் அகச்சிவப்பு சென்சார் என்றே எழுதினார்கள்.

வீட்டில் எல்லோரும் உறங்கும் அறையில் அது விடியும்வரை 400 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) ஒட்டியே நின்றது. வெட்டவெளிக் காற்றிலேயே இன்று 420 பிபிஎம்முக்கு மேல் இருக்கும்போது இது நடக்கவே முடியாது. சானிடைசர் தடவிய கையை அருகே கொண்டு சென்றதும் எண் ஆயிரங்களுக்குத் தாவியது. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடியில் 'சிசிஎஸ்811' என்ற எழுத்தும், நடுவில் ஊசித்துளை போன்ற ஓட்டையுடன் ஒரு சில்லும் இருந்தன.

அந்தச் சில்லு கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. சாராய ஆவி, பெயின்ட் ஆவி போன்றவற்றை ஓர் உலோக ஆக்சைடுப் படலத்தால் உணர்ந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துச் சொல்கிறது. அந்த எண்ணும் 400-க்குக் கீழே இறங்காது. உண்மையான அகச்சிவப்பு சென்சாரோ, 4.26 மைக்ரான் அலைநீளக் கதிரை அந்த வாயு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. அளவில் சிறியதெல்லாம் போலி என்று சொல்ல மாட்டேன். எஸ்சிடி40 என்ற சென்சார் விரல்நுனி அளவுதான் என்றாலும் வாயுவையே நேரடியாக அளக்கிறது. ஆகவே, பலகையில் உள்ள சில்லின் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஸ்டிக்கர் மறைத்திருந்தால் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பொய் எண்ணை நம்பியிருந்தால், தாயார் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. என் கோபமெல்லாம் அதற்காகத்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "கவரைப் பிரிச்சா வாங்க மாட்டோமுங்க" என்றார்கள். பில்லில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. கெடு எதுவும் குறிப்பிடாத பில்லுக்கு, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பில்லையும், உரித்த ஸ்டிக்கரையும், பலகையின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.