ஊட்டியைக் கொடைக்கானல் ஆக்கி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

அரையாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல் போவது என்று முடிவானதும், அம்மாவுக்கு அந்த ஊரில் நடக்கிற ஒரு நாவல் வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அம்மா மாத நாவல் காலத்து வாசகி. பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் நாவலைப் பார்த்துவிட்டால் பஸ்ஸைக் கோட்டை விடுகிற ரகம்.

இணையத்தில் தேடியதில் ஒன்று கண்ணில் பட்டது. அட்டையில் பனி மூடிய ஏரி, படகில் ஒரு ஜோடி, மேலே 'விடுமுறைக் காதல், புத்தம் புதிய நாவல்'. விலை 240 ரூபாய், அனுப்பும் செலவு 50. இலவசமாகப் படிக்க எட்டுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். நாயகி சென்னை ஆபீசில் மேனேஜரோடு சண்டை போட்டு லீவு வாங்குகிற காட்சி. நன்றாகவே இருந்தது. அந்த எட்டுப் பக்கத்தில் மலையே வராது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இ-பாஸ் எடுத்து, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, அறைக்கு வந்து சேர்ந்த அன்று இரவே, நாவலைப் படித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார், "ஏன்டி, கொடைக்கானலுக்கு எப்ப ரயில் விட்டான்?"

வாங்கிப் பார்த்தேன். நாயகி மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறாள். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் வரிசையாக வருகின்றன. அடுத்து, 'கொடைக்கானல் நிலையத்தில் ரயில் பெருமூச்சுவிட்டு நின்றது.' கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. கொடை ரோடு ஸ்டேஷன் கீழே சமவெளியில், சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மறுநாள் காலை ஜோடி தொட்டபெட்டாவுக்குப் பொடிநடையாகப் போய்விட்டு, திரும்பும்போது வர்க்கி வாங்கித் தின்கிறது. கொடைக்கானல் பக்கம் வந்திருந்தால் பூம்பாறைப் பூண்டையாவது காட்டியிருக்கலாம்.

சரி, மலை பார்க்காத எழுத்தாளர் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம்தான் எழுத்தே உறுத்தியது. 'கொடைக்கானல்க்கு வந்த பிறகு', 'கொடைக்கானல்யில் குளிர் அதிகம்' என்று பக்கத்துக்குப் பக்கம். கொடைக்கானலுக்கு, கொடைக்கானலில் என்றுதானே வரும், கைதவறியும் யாரும் இப்படி எழுத மாட்டார்களே என்று யோசித்துக்கொண்டே புரட்டினால், 74ஆம் பக்கம்: 'அவள் வெட்கத்தில் தலைகுனிய, அவன் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து அவளுக்குக் கொடைக்கானல் விட்டான்.'

இரண்டு முறை படித்தேன். ஊட்டி விட்டான்! கம்ப்யூட்டரில் 'ஊட்டி' என்று இருந்த இடத்தையெல்லாம் ஒரே தட்டில் 'கொடைக்கானல்' என்று மாற்றியிருக்கிறார்கள். ஊட்டிக்கு என்பது கொடைக்கானல்க்கு ஆனதும் அப்படித்தான். இன்னோர் இடத்தில் நாயகியின் அத்தை குழந்தைக்குப் பருப்புச் சோறு 'கொடைக்கானல்னாள்'. நாயகனோ உடைந்து அழும் நண்பனுக்கு நம்பிக்கை 'கொடைக்கானல்னான்'. 'எரிச்சலூட்டினாள்' மட்டும் சந்தியால் தப்பித்துவிட்டது. உதகை என்று மூன்று இடத்தில் அப்படியே நிற்கிறது, அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை போல.

நானும் தங்கையும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "இந்தக் கதையை நான் படிச்சிருக்கேன்டி. அதுல அவன் பேரு வேற," என்றார். வீட்டுக்கு வந்து தேடினால், அதே எழுத்தாளர் பெயரில், அதே கடையில், மூன்று வருடத்துக்கு முன் ஊட்டியை வைத்து வந்த நாவல் இருக்கிறது. பழைய பிரதி அம்மாவின் பீரோவிலேயே கிடைத்தது. நாயகன், நாயகி பெயரைத் தவிர வரிக்கு வரி ஒன்று. அதைவிடக் கொடுமை, 'விரைவில்' என்று ஏற்காடு அட்டை ஒன்றும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மறுபதிப்பு போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மழையில் நனைந்து காய்ச்சல் வந்து காதலும் வருகிற கதையை ஆயிரம் முறை படிக்க நான் தயார். ஆனால் 240 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாற்றியதை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால், வாசிப்பவரை என்ன என்று நினைக்கிறார்கள்?

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "புதுப் பதிப்புதான் மேடம், வாசகர்கள் கேட்டாங்கன்னு இடத்தை மாத்தியிருக்கோம்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பிரித்துப் படித்த புத்தகத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். படிக்காமல் இது எப்படித் தெரியும் என்றதற்குப் பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், மாதிரிப் பக்கத்தில் ஊர் வருகிறதா என்று பாருங்கள். அதே எழுத்தாளரின் பழைய தலைப்புகளின் கதைச் சுருக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். புத்தகக் கண்காட்சியில் கையில் எடுத்தால், பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தில் 'முதல் பதிப்பு' என்று எந்த வருடம் போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, நடுவில் எங்காவது நாலு பக்கம் புரட்டுங்கள். 'ல்க்கு', 'ல்யில்' என்று கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

புத்தகம் இப்போது சமையலறை அலமாரியில் கிடக்கிறது. என் மகனுக்கு இரண்டரை வயது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே ஓடுவான். நேற்று அம்மா கிண்ணத்தோடு பின்னாலேயே போனார். "ஓடாதடா, வா, பாட்டி ஒரு வாய் கொடைக்கானல் விடுறேன்."