வீடு விற்க நல்லூர்த் திருவிழாவா, மாரி மழையா?

யாழ்ப்பாணத்தில் வீடு விற்பவருக்கு, நல்லூர்க் கொடியேற்றத்தோடு தொடங்கும் 25 நாட்கள்தான் வசதி. கனடா, லண்டன் உறவுகள் ஊரில் நிற்பார்கள். முற்றமும் காய்ந்து பளிச்சென்று இருக்கும். ஆனால் கிணறு காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் ஊறினால்தான் எங்களுக்குத் தண்ணீர். வெயில் காலம் நீண்டால் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும். வாங்குபவர் ஒரு மிடறு குடித்துப் பார்க்கட்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை நிலைமை தலைகீழ். கிணறு நிறைந்திருக்கும், ஓட்டு ஒழுக்கையும் ஒழுங்கையில் நிற்கும் வெள்ளத்தையும் மறைக்க முடியாது. விற்க மோசமான காலம், சரி. வாடகை வீடு தேடுவோருக்கோ இதைவிட நல்ல பரீட்சை இல்லை. வீட்டுக்காரர்கள் கூரையை ஆவணியிலேயே பார்த்துவிடுங்கள். மழை தொடங்கினால் ஓடு மாற்ற ஆள் பிடிப்பது பெரும்பாடு.